ஒரே நம்பரில் நாற்பத்தோரு பேர்

மதிவதனிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கல்யாணமான முதல் மாதமே இதைத் தெரிந்துகொண்டவர் அவள் கணவர் இளங்கோ. அண்ணனூர் ஷெட்டில் மின்ரயில் பெட்டிகளுக்கு பிரேக் பார்க்கிற வேலை அவருக்கு. "அவ கத்தினா கவலையில்ல. மெதுவா பேச ஆரம்பிச்சான்னா நான் செருப்பைத் தேடுவேன்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலைக்கு வெல்டராக வந்தவர். குவார்ட்டர்ஸ் குழாயடியில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அந்தப் பெயராலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மதிவதனி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. "குழாயடியில பேசத் தெரியாதவளைத்தான் கட்டிக்கணும்னா கட்டிக்கட்டும்" என்றாள்.

நாற்பத்து நான்கு வயதில் அவள் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தாள். நசரத்பேட்டைக்குப் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அறுபது படுக்கை மருத்துவமனையில் பதினாறு வருடமாக வேலை. ரெக்கார்டு ரூம். ஜன்னல் இல்லாத அறை, நான்கு பக்கமும் இரும்பு ராக்கு. புதிதாக யார் வந்தாலும் ஒரு ஃபைல், ஃபைலுக்கு ஒரு நம்பர். அந்த நம்பரில் வயதும் தெரியாது, ஊரும் தெரியாது. வெறும் நம்பர். ஒருவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அவர் இறந்துபோனால்கூட அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மருத்துவமனைக்கு புது சாஃப்ட்வேர் வந்தது. அதை எழுதிய கம்பெனியிலிருந்து அஸ்வின் என்கிற இளைஞன் பயிற்சி கொடுக்க வந்தான். அம்பத்தூரில் ஃப்ளாட், மதுரைக்காரன், எல்லோரையும் மேடம் என்பான். புது நோயாளி வந்ததும் முதலில் போன் நம்பரைத் தட்ட வேண்டும், அதுதான் இனி அவருடைய அடையாளம் என்றான். பழைய ஃபைல் நம்பர் எல்லாம் தேவையில்லை.

மதிவதனி கையைத் தூக்கினாள்.

"தம்பி, ஒரு வீட்டுல நாலு பேருக்கு ஒரே நம்பர் இருக்குமே?"

"அவங்கவங்க நம்பரைக் கேட்டு வாங்கிடுங்க மேடம்."

"இல்லாதவங்களுக்கு?"

"இந்தக் காலத்துல போன் இல்லாதவங்க யாரு மேடம் இருக்காங்க?"

அறையில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவள் அன்று மதியமே நிர்வாக மேலாளர் பார்த்தசாரதியிடம் போய் இதையே சொன்னாள். அவர் நல்ல மனிதர் என்றுதான் பெயர். யாரிடமும் இல்லை என்று சொல்ல மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார். "எழுதிக் குடும்மா, பார்ப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தாள், தேதி போட்டு. அவர் பார்க்கவில்லை.

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்ததும் அவள் பயந்தது நடந்தது. ஏற்கெனவே இருக்கிற போன் நம்பரைத் தட்டினால் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்த எண் பதிவில் உள்ளது, விவரங்களை மாற்றவா? ஆம் என்று அழுத்தினால் பழைய ஆளின் பெயர், வயது, வியாதி எல்லாம் போய்ப் புது ஆள் அதே வரியில் உட்கார்ந்துவிடுவார். டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் மட்டும் யாருடையது என்று தெரியாமல் அந்த வரியிலேயே தங்கிவிடும். இல்லை என்று அழுத்தினால் டோக்கன் வராது. டோக்கன் இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது. வரிசையில் எழுபது பேர் நிற்கும்போது, "ஆம்னு போட்டுட்டு அனுப்பும்மா" என்று பார்த்தசாரதியே கவுண்டருக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஜூன் மாதம் கவுண்டர் பெண் லீவு போட, அந்த நாற்காலியில் மதிவதனி உட்கார்ந்தாள். மங்களம் என்கிற பெண் காய்ச்சலோடு வந்தாள். போன் நம்பர் கேட்டதும், "எங்க மாமா நம்பர்தான், ஊட்டுக்கே அது ஒண்ணுதான்" என்று சொன்னாள். நம்பரைத் தட்டியதும் சரசா என்ற பெயர் வந்தது. மங்களத்தின் ஓரகத்தி. விவரங்களை மாற்றவா? மதிவதனி ஒரு நொடி விரலை நிறுத்தினாள். மங்களம் நிற்க முடியாமல் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதிவதனி ஆம் என்று அழுத்தினாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு சரசா வந்தாள். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. தகரத் துண்டு குதிகாலைக் கிழித்து, இரண்டு நாள் மஞ்சளை அப்பிவைத்து, சீழ் பிடித்திருந்தது. கவுண்டரில் அதே வீட்டு நம்பரைத் தட்டி, மங்களம் இருந்த வரியில் மறுபடி சரசாவின் பெயரை ஏற்றி டோக்கன் கொடுத்தார்கள். டாக்டர் யூசுப் பார்த்து ஊசி எழுதினார். ஊசி போடும்போது சரசா நர்ஸிடம், "எனக்கு ஒரு ஊசி ஒத்துக்காதும்மா. பேரு தெரில. போன வருசம் இங்கதான் சொன்னேன், கம்ப்யூட்டர்ல ஏத்திகினாங்க" என்றாள். நர்ஸ் திரையைப் பார்த்தாள். ஒவ்வாமை என்ற கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. "அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொல்லி ஊசியைப் போட்டாள்.

அது பென்சிலின். நான்கு நிமிடத்தில் சரசாவின் உதடு வீங்கியது, மூச்சு விசிலடித்தது, கட்டிலிலிருந்து சரிந்தாள். டாக்டர் யூசுப் வராந்தா முழுக்க ஓடி வந்து மாற்று மருந்தைத் தொடையில் குத்தினார். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தாள்.

புதன்கிழமை மதிவதனிக்கு மெமோ வந்தது. நோயாளியின் ஒவ்வாமை விவரத்தை அழித்தது அவளுடைய பெயரில் நுழைந்த கணக்கு என்று கணினியே காட்டியது. தேதியும் நேரமும் சரியாக இருந்தன. தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டு மூன்று நாளில் கையெழுத்திட வேண்டும்.

அவள் மெமோவைப் படித்தாள். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளைக் கொளுத்தியது. அழுத்தியது அவள் விரல்தான். அந்தக் கேள்வியை அங்கே வைத்தது யார், பதில் சொல்ல ஒரே வழியை மட்டும் விட்டுவைத்தது யார், ஆம் என்று போடச் சொன்னது யார் என்பதெல்லாம் எந்தக் கணினியிலும் பதிவாகவில்லை. பார்த்தசாரதியின் அறைக்குப் போனாள்.

"ஃபார்மாலிட்டிதான்மா. போட்டுக் குடுத்துடு, விட்டுடலாம்."

"போடறேன் சார். நான் உங்ககிட்ட எழுதிக் குடுத்தேன் இல்ல, அந்த லெட்டரையும் இதோட சேர்த்துப் பின் பண்ணுங்க."

"எந்த லெட்டர்?"

அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமலே வெளியே வந்தாள்.

வாசல் செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு உண்டு. மருத்துவமனைக்குள் நுழைகிற ஒவ்வொரு நோயாளியின் பெயரையும், வயதையும், புதியவரா பழையவரா என்பதையும், போன் நம்பரையும் பேனாவால் எழுதுகிற நோட்டு. சாஃப்ட்வேர் வந்த பிறகும் அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதால் அது பாட்டுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நிரம்பிய நோட்டுகள் ரெக்கார்டு ரூமுக்குத்தான் வரும். மதிவதனி அத்தனையையும் இறக்கினாள். பதினேழு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் தயிர்சாத டப்பாவும் இன்னொரு கையில் பென்சிலுமாக எண்ணினாள். கோபத்தோடு எண்ணினால் தப்பு வரும் என்பார்கள். அவளுக்கு வரவில்லை, கோபம்தான் அவளைத் தூங்கவிடாமல் விழிப்பாக வைத்திருந்தது.

சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து நோட்டில் புதிதாக வந்தவர்கள் ஐயாயிரத்து இருநூற்று ஆறு பேர். கணினியில் இருந்த வரிகள் மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. மீதி ஆயிரத்து முந்நூற்று முப்பத்தைந்து பேர் எங்கே?

அடுத்த வாரம் அஸ்வினை வரவழைத்தார்கள். பார்த்தசாரதியின் அறையில் கூட்டம், டாக்டர் யூசுப்பும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். மதிவதனி நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்தாள்.

"சின்னப்பையன்னு ஒரு லேபர் கான்ட்ராக்டர். எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்கறவர். அவர் ஆளுங்க யார் இங்க வந்தாலும் அவர் நம்பரைத்தான் குடுப்பாங்க. நோட்டுல நாற்பத்தோரு பேர். கம்ப்யூட்டர்ல எத்தனை பேர்னு பாருங்க தம்பி."

அஸ்வின் மடிக்கணினியில் தட்டினான். "ஒருத்தர் மேடம். ஒரு பொண்ணு, இருபத்து மூணு வயசு."

"அந்தப் பொண்ணுக்கு என்னென்ன டெஸ்ட் எடுத்திருக்குன்னு படிங்க."

அவன் படித்துக்கொண்டே போனான். நடுவில் நின்றான். காது சிவந்தது.

"படிங்க."

"புராஸ்டேட் ரிப்போர்ட் மேடம்."

டாக்டர் யூசுப் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"அது ஐம்பத்தெட்டு வயசு வாட்ச்மேனோடது" என்றாள் மதிவதனி. "அவருக்கு வியாதி இருக்கா இல்லையான்னு இந்தப் பொண்ணு பேருக்குக் கீழதான் தேடணும். அவர் அடுத்த தடவை வந்தா யாரு கண்டுபிடிப்பா? இதை எந்த ஆஸ்பத்திரிக்குன்னு பண்ணீங்க?"

அஸ்வின் மடிக்கணினியைத் தள்ளிவைத்தான். பிறகு உண்மையைச் சொன்னான். "முதல்ல ஒரு சலூன் கம்பெனிக்குப் பண்ணது மேடம். அங்க போன் நம்பர் போதும். அதையே கொஞ்சம் மாத்தி இங்க..."

"முடி வெட்டறதுக்குப் பண்ணதை."

"ஆமா மேடம்."

பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார். "சரி, போன் நம்பரோட பேரையும் சேர்த்து அடையாளமா வச்சுட்டா முடிஞ்சுது இல்ல? ரெண்டு நாள் வேலை."

மதிவதனி நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி அவர் பக்கம் தள்ளினாள். "சுப்பராயன், எழுபத்தோரு வயசு. சுப்பராயன், ஒன்பது வயசு. தாத்தா பேரைப் பேரனுக்கு வச்சிருக்காங்க. ஒரே வீடு, ஒரே போன். இதுல யாரை அழிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க சார்."

அஸ்வின்தான் பேசினான். அவன் குரலிலும் இப்போது ஒரு சூடு இருந்தது. தன்மேலேயே வந்த கோபமாக இருக்கலாம். "அவங்க சொல்றதுதான் சார் சரி. ஒரு வரியை அடையாளம் காட்டற விஷயம் ரெண்டு பேருக்குப் பொதுவா இருக்கக் கூடாது, நாளைக்கு மாறவும் கூடாது. போன் நம்பர் ரெண்டுலயும் தோக்குது. காலேஜ்ல ரெண்டாம் வாரமே சொல்லிக்குடுத்தது. அதுக்குப் பேரு பிரைமரி கீ."

"பேர் என்னவோ வச்சுக்கோங்க. எங்க ஃபைல் நம்பர் பதினாலு வருஷம் அதைத்தான் செஞ்சுது."

அன்று மூன்று மணி நேரம் அந்த மேசையில் தாள் தாளாகக் கட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு அட்டவணை: ஒரு வரிக்கு ஒரே ஆள், ஆளுக்கு அர்த்தமில்லாத ஒரு நம்பர். போன் நம்பர்களுக்குத் தனி அட்டவணை, ஏனென்றால் ஒருவருக்கு இரண்டு போன் இருக்கும், ஒரு போனுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒவ்வாமைக்குத் தனி அட்டவணை. இதுவரை மருந்துப் பெயர்களைக் கமா போட்டு ஒரே கட்டத்தில் திணித்திருந்தார்கள். இனி ஒரு மருந்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் அந்த ஆளின் நம்பர். நம்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் சரசாவுக்கு எது ஆகாது என்பது வந்து நிற்கும். இல்லாத ஆளின் நம்பரில் ரிப்போர்ட் ஏற்ற முயன்றால் கணினி ஏற்கக் கூடாது. ஒருவர் நம்பரில் ரிப்போர்ட் இருக்கும்போது அந்த ஆளை அழிக்கவும் விடக் கூடாது.

டாக்டர் யூசுப் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தார். கடைசியில், "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்" என்றார். "அன்னிக்கு ஸ்கிரீன்ல 'இல்லை'ன்னு இருந்துச்சு. அந்த 'இல்லை'யைச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல டாக்டர்" என்றான் அஸ்வின். "கட்டம் காலியா இருந்தா ஸ்கிரீன்ல 'இல்லை'ன்னு காட்டற மாதிரி எழுதியிருக்கு. பார்க்க நல்லா இருக்குமேன்னு."

"கேட்டு, அவங்க இல்லைன்னு சொன்னா அது இல்லை" என்றாள் மதிவதனி. மெதுவாகத்தான் சொன்னாள், அஸ்வின் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "கேக்கவே இல்லைன்னா அது இல்லையா தம்பி? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல உங்க மிஷினுக்கு என்ன கேடு?"

புது அமைப்புக்கு நிர்வாகம் சம்மதித்தது. ஆனால் மெமோ அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் விஷயம் முடியும் என்று பார்த்தசாரதி தினமும் ஆளனுப்பினார். கூட்டம் முடிந்த ஐந்தாம் நாள் மதிவதனி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சரசாவை உள்ளே சேர்த்தபோது எழுதிய தாளில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு நசரத்பேட்டைக்குள் போனாள்.

சரசா வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் கட்டு. மங்களம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இது கவுண்டர்ல இருந்தவங்க" என்றாள்.

"ஆஸ்பத்திரியா? இன்னா, இப்ப இன்னா எழுதிகினு போவ வந்த?"

"எழுதிட்டுப் போக வரல. சொல்லிட்டுப் போக வந்தேன்." மதிவதனி நின்றுகொண்டே சொன்னாள். மங்களம் காய்ச்சலோடு வந்தது, அந்த நம்பர், அந்தக் கேள்வி, தன் விரல். "இவங்களுக்கு டோக்கன் போட உங்களை அழிச்சவ நான்தான். தப்புன்னு தெரிஞ்சுதான் அழுத்தினேன்."

மங்களம் வாயைப் பொத்திக்கொண்டாள். சரசா பூண்டுத் தட்டை ஒதுக்கிவைத்தாள்.

"நான் சொன்னேன்மா" என்றாள். "ஒத்துக்காது, ஒத்துக்காதுன்னு சொல்லிகினே கீறேன். அந்த நர்சம்மா கம்ப்யூட்டரைப் பாத்துட்டு என்னைப் பாக்குது, பொய் சொல்றவளைப் பாக்கற மாரி. என் உடம்பும்மா இது. என் உடம்புக்கு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பொட்டிக்குத் தெரியுமா?"

கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு சரசா நிமிர்ந்தாள்.

"அழிச்சேன்னு வந்து நிக்கிறியே, உனக்குக் கூசல?"

"கூசுது."

"கூசட்டும்." சரசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. பிறகு, "இப்ப சொன்னியே, அத்தனையும் எழுதிக் குடுப்பியா? உன் பேரு போட்டு?" என்று கேட்டாள்.

"குடுக்கறேன்."

"ஆபீசருங்க கேட்டா மாத்திப் பேச மாட்டியே?"

"மாட்டேன்."

மங்களம் தன் பெண்ணின் பள்ளி நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து வந்தாள். மதிவதனி வாசற்படியில் உட்கார்ந்து எழுதினாள். தான் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தின் தேதியை எழுதினாள். ஆம் என்று அழுத்தச் சொன்னது யார் என்று எழுதினாள். அழுத்தியது யார் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சரசா அதை வைத்து மாவட்ட சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள்.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். டாக்டர் யூசுப் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். பார்த்தசாரதி, "இப்படி ஒரு லெட்டர் என் பார்வைக்கு வரல" என்றார். மதிவதனி ரெக்கார்டு ரூம்காரி. தன் கடிதத்தின் நகலையும், அதில் அவர் அலுவலகம் குத்திய முத்திரையையும் எடுத்து நீட்டினாள். மருத்துவமனை சரசாவுக்குத் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுத வேண்டி வந்தது. சரசா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல என் பேரையாவது சரியா போட்டுக்கினாங்களா?" என்று மட்டும் கேட்டாளாம்.

மதிவதனியை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அதிகாரிகள் மறுபடி வருவார்கள். துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி. பதினாறு வருடம் ரெக்கார்டு ரூமில் இருந்தவளுக்கு அழுக்குத் துணி மூட்டை. இளங்கோ விட்டுவிட்டு வா என்றார். "நான் போனா அந்த மேனேஜருக்கு நிம்மதி. எதுக்குக் குடுக்கணும்?" என்றாள்.

புது அமைப்பு தை மாதம் ஓட ஆரம்பித்தது. நோட்டுகளை வைத்து இரண்டு புதுப் பெண்கள் காணாமல் போனவர்களைத் திரும்ப ஏற்றினார்கள். ஆயிரத்து நூற்று இரண்டு பேர் கிடைத்தார்கள். இருநூற்று முப்பத்து மூன்று பேர் கிடைக்கவில்லை. கையெழுத்து புரியவில்லை, நம்பர் மாறிவிட்டது, ஊருக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு போதும் என்று பட்டியலை மூடச் சொல்லிவிட்டார் பார்த்தசாரதி. வெளியிலிருந்து பார்வையாளர்கள் வந்தபோது, நோயாளிகளின் பாதுகாப்புக்காகத் தங்கள் நிர்வாகமே யோசித்துச் செய்த ஏற்பாடு என்று புது அமைப்பைக் காட்டினார். அப்போது விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போன மதிவதனி வண்டியை நிறுத்தினாள்.

"எத்தனை பேர் இன்னும் கிடைக்கலன்னு அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா சார்?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். பார்வையாளர்களில் ஒரு அம்மாள் திரும்பி, "எத்தனை பேர்?" என்று கேட்டாள். மதிவதனி சொன்னாள். பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த வாரமே மதிவதனி, மூடிய பட்டியலின் நகலைத் துணிக் கிடங்குக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் தன் போனிலிருந்து ஒவ்வொரு நம்பராக அடிக்க ஆரம்பித்தாள். சிலர் திட்டினார்கள். கான்ட்ராக்டர் சின்னப்பையன் இரண்டு முறை துண்டித்தார், மூன்றாம் முறை எடுத்து, "அந்த வாட்ச்மேன் ஒடிசா போயி எட்டு மாசம் ஆவுதும்மா. நம்பர் இல்ல, உடு" என்றார்.

"ஊர்ல அவருக்கு யாராவது இருப்பாங்க இல்ல? உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்காவது தெரியும்."

"தெரிஞ்சா?"

"விசாரிங்க. நான் நாளைக்கும் போன் பண்ணுவேன். நாளன்னிக்கும் பண்ணுவேன்."

மறுபக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. "இரு, எழுதிக்கிறேன். அந்த ஆள் பேரு இன்னா?" என்றார் சின்னப்பையன்.